வெயிலில் ஒன்றாகத் தெரிந்த காலர்

திருப்பூரில் 18 மெஷின் போட்டு ஓட்டுகிற சின்ன பனியன் கம்பெனி என்னுடையது. அதற்கு முன்னால் எட்டு வருடம் வேறொரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பக்கம் இருந்தேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும் என்பதை மட்டும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அது பள்ளிக்கூடப் பாடம், நமக்கெதற்கு என்று இருந்தேன். அந்தப் பாடத்துக்கு நான் கட்டிய பீஸ் இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு மேல். புதிதாகக் கம்பெனி ஆரம்பிப்பவர்கள், ஜாப் ஒர்க்கிலிருந்து (அடுத்த கம்பெனி ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) நேரடி ஆர்டருக்குப் போகிறவர்கள் யாராவது படித்தால் உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2022 ஆடி மாதம். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும் செய்துகொண்டிருந்த எனக்கு ஒரு பையிங் ஹவுஸ் (வெளிநாட்டுக் கடைகளுக்காக இங்கே ஆர்டர் கொடுத்து வாங்கித் தரும் ஏஜென்சி) மூலமாக முதல் ஆர்டர் கிடைத்தது. ஐரோப்பாவில் உள்ள ஒரு கடைக்கு போலோ டி-ஷர்ட், 3,600 பீஸ், பீசுக்கு 292 ரூபாய். மொத்தம் 10,51,200 ரூபாய். செலவெல்லாம் போக பீசுக்கு 25 ரூபாய் நிற்கும், 90,000 ரூபாய் லாபம் என்று நோட்டில் கணக்குப் போட்டு அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். நூலுக்குப் பணம் பத்தவில்லை, அம்மாவின் நகையை அடகு வைத்தேன். நிறம் ஆலிவ். பச்சையா, காக்கியா, சாம்பலா என்று கேட்டால் மூன்றும் என்று சொல்ல வேண்டிய ஒரு நிறம். அந்த நிறத்தைக் கேட்டபோதே நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

சாயப்பட்டறை லேபில் சின்னத் துணித் துண்டுகளில் சாயம் ஏற்றி ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பினோம். பையர் 'பி'யை ஓகே செய்தார். திரும்பி வந்த அப்ரூவல் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: பிரைமரி லைட் டி.எல்.84, செகண்டரி லைட் டி65, மெட்டமெரிசம் கூடாது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பது போலப் படித்துவிட்டு, பைலில் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று பையிங் ஹவுஸ் மெர்ச்சண்டைசரிடம் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். முதல் ஆர்டர் அல்லவா. உங்கள் தாளில் புரியாத ஒரு வரி இருந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். என் கூச்சத்துக்கு ஆன செலவை மேலே சொல்லிவிட்டேன்.

அப்புறம் காலர். போலோவுக்கு உடம்புத் துணி பிக்கே என்கிற பின்னல் துணி, காலர் பிளாட் நிட் மெஷினில் தனியாகப் பின்னி வரும். விவரம் தெரிந்தவர்கள் காலரையும் உடம்புத் துணியையும் ஒரே லாட்டில், ஒரே மெஷினில், ஒரே சாயத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் காலர் பின்னுகிறவர் ஆறு நாள் தாமதம் செய்துவிட்டார். சாயப்பட்டறையில் எனக்குக் கிடைத்த மெஷின் நேரம் போனால் அடுத்து பத்து நாள் கழித்துத்தான். சரி, உடம்புத் துணியை முதலில் போட்டுவிடலாம், காலர் எவ்வளவு, 130 கிலோதானே, வந்ததும் எங்காவது போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். காலர் வந்தபோது அந்தப் பட்டறையில் அந்த அளவுக்கு மெஷின் காலியில்லை. வேறொரு சாயப்பட்டறையில் கேட்டேன். "துணித் துண்டு குடுங்க, ஷேடு புடிச்சுத் தர்றோம்" என்றார்கள், அதாவது அந்த நிறத்துக்கு ஒத்துவருகிற மாதிரி அவர்களே சாயம் கலந்து போடுவார்கள். கொடுத்தேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள். போட்டோவில் பிரமாதமாக இருந்தது. நேரிலும் போய்ப் பார்த்தேன். பகல் பதினொன்றரை மணி, கேட்டுக்கு வெளியே என் பைக் சீட்டின் மேல் காலரையும் துணியையும் ஒட்டி வைத்து, குனிந்து, நிமிர்ந்து, இடம் மாற்றி வைத்தெல்லாம் பார்த்தேன். எங்கே துணி முடிகிறது, எங்கே காலர் தொடங்குகிறது என்று பின்னலை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. "சூப்பருங்க" என்று நானே கைகொடுத்துவிட்டு வந்தேன்.

வெயிலில் எடுத்துப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பதுதான் நம் ஊர் நம்பிக்கை. அம்மா புடவைக் கடைக்குப் போனால், எடுத்த புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் பில் போடவிட மாட்டார். கடைக்காரரே ஒரு பையனை உடன் அனுப்புவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். பகல் வெளிச்சம்தான் உண்மை, மற்ற வெளிச்சமெல்லாம் ஏமாற்று என்று என் மண்டையில் பதிந்திருந்தது.

தையல் ஓடியது. பாதி பீஸ் முடிந்திருந்த ஒரு நாள் இரவு ஷிப்டில், ஏழரை மணி இருக்கும், செக்கிங் டேபிளில் இருந்த அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, இந்தக் காலரு ஒரு மாதிரி செவப்படிச்ச மாதிரி இல்லீங்களா?" நான் டியூப் லைட்டுக்கு அடியில் நின்று பார்த்தேன். ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. "காலையில வெளிச்சத்துல பாக்கலாங்கக்கா" என்றேன். காலையில் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. "பாத்தீங்களா? ராத்திரி நேரம், கண்ணு அசந்திருக்கும்" என்று நான்கு பேர் முன்னால் சொன்னேன். அக்கா எதுவும் பேசாமல் டேபிளுக்குப் போய்விட்டார். அந்த நாள் நிறுத்தியிருந்தால் நஷ்டம் பாதியோடு போயிருக்கும். பணம் போனதைவிட இது இன்னும் உறுத்துகிறது.

பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் சின்னப் பையன், 25 வயது இருக்கும். அளவு பார்த்தார், தையல் பார்த்தார், எல்லாம் பாஸ். கடைசியில் பத்து பீசைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆபீஸ்ல லைட் பாக்ஸ்ல ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேண்ணா, நீங்களும் வாங்க" என்றார். போனேன். லைட் பாக்ஸ் என்பது முன்பக்கம் மட்டும் திறந்த ஒரு பெரிய பெட்டி, உள்ளே முழுக்க சாம்பல் நிறம், மேலே பல வகை விளக்குகள். அறை விளக்கை அணைத்துவிட்டு டி65 சுவிட்சைப் போட்டார். காலரும் துணியும் பைக் சீட்டில் பார்த்தது போலவே ஒட்டிக்கிடந்தன. எனக்கு மூச்சு வந்தது. அடுத்த சுவிட்சை அழுத்தினார். டிக் என்ற சத்தம்தான் கேட்டது. காலர் அப்படியே பழுப்புச் சிவப்பாகி, பச்சைத் துணியிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. யாரோ வேறு டி-ஷர்ட்டின் காலரை அறுத்து இதில் தைத்தது போல. "இன்னொரு தடவை போடுங்க" என்றேன். போட்டார். டி65, ஒன்று. டி.எல்.84, வேறு. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். அந்தப் பையன் பொறுமையாகப் போட்டுக் காட்டிவிட்டு, "பெயில்தாண்ணா" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனியில் 3,600 பீசும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து டியூப் லைட்டில் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு காலரும் சிவப்பாகத் தெரிந்தது. அது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது? என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து மறுநாள் கண் டாக்டரிடமே போய்விட்டேன். புள்ளிப் புள்ளியாக நம்பர் தெரிகிற அந்த இஷிஹாரா புத்தகத்தைக் காட்டிச் சோதித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்றார். (இதையும் சொல்லிவிடுகிறேன்: ஷேடு பார்க்க ஒருவரை உட்கார வைப்பதற்கு முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியும் குறை ஆண்களுக்குத்தான் அதிகம். பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.)

காலருக்குச் சாயம் போட்ட பட்டறையில் போய்ச் சண்டை போட்டேன். "வெயில்ல பாத்து நீங்கதானுங்க ஓகே சொன்னீங்க, கைகூடக் குடுத்தீங்க" என்றார்கள். அதற்குப் பதில் இல்லை. டிசியில் (சரக்கோடு கொடுத்தனுப்பும் டெலிவரி சலானில்) எந்த லைட்டில் ஷேடு பார்க்க வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் பாதிச் செலவையாவது கேட்டிருக்கலாம்.

விஷயம் எனக்கு உண்மையில் புரிந்தது, உடம்புத் துணிக்குச் சாயம் போட்ட பட்டறையின் லேப் மாஸ்டர் சொன்னபோதுதான். முப்பது வருடமாகச் சாயம் பிடிப்பவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். "உங்க வீட்டு மளிகை லிஸ்ட்டும் எங்க வீட்டு மளிகை லிஸ்ட்டும் வேற வேறதானுங்க? நீங்க பருப்பு அதிகமா வாங்கறீங்க, நான் எண்ணெய் அதிகமா வாங்கறேன். இன்னிக்கு விலைக்கு ரெண்டு பேருக்கும் 500 ரூபா பில்லு. கண்ணு பாக்கறது பில்லுத் தொகைய மட்டுந்தானுங்க, லிஸ்ட்ட இல்ல. நாளைக்கு எண்ணெய் விலை ஏறுச்சுன்னா ரெண்டு பில்லும் ஒண்ணா இருக்குமா?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். துணி எந்தெந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது லிஸ்ட். மேலே விழுகிற வெளிச்சத்தில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பது விலைப்பட்டியல். நம் கண்ணில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் மூன்றே வகை. அவை வந்த வெளிச்சத்தை எல்லாம் கூட்டி மூன்று தொகையாக மூளைக்கு அனுப்பிவிடுகின்றன. எந்தச் சரக்கு எவ்வளவு என்ற விவரம் அங்கேயே தொலைந்துபோகிறது. அதனால் முற்றிலும் வேறு வேறு சாயங்களைக் கலந்து செய்த இரண்டு துணிகள், ஒரு வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிய முடியும். வெளிச்சம் மாறினால் பிரிந்துவிடும். இதற்குப் பெயர்தான் என் அப்ரூவல் தாளில் இருந்த மெட்டமெரிசம்.

பகல் வெளிச்சத்தில் எல்லா அலைநீளமும் பெரிய மேடு பள்ளம் இல்லாமல் பரவி இருக்கும். டி65 என்பது அந்தப் பகல் வெளிச்சத்துக்கு வைத்த தர அளவு, சுமார் 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள் பக்கம், கூடினால் நீலம் பக்கம்). டி.எல்.84 என்பது ஐரோப்பியக் கடைகளில் பல காலம் எரிந்த பிலிப்ஸ் டியூப் லைட்டின் பெயர், 4,000 கெல்வின் பக்கம். அதன் வெளிச்சம் பரவலாக இருக்காது. நீலத்தில் கொஞ்சம், பச்சையில் 545 நானோமீட்டர் பக்கம் ஒரு முள், ஆரஞ்சுச் சிவப்பில் 610 பக்கம் ஒரு முள் என்று குத்துக் குத்தாக இருக்கும். கண்ணுக்கு அதுவும் வெள்ளை வெளிச்சம்தான். என் காலரில் ஏறியிருந்த சாயக் கலவை அந்த 610 பக்கத்தில் உடம்புத் துணியைவிடக் கொஞ்சம் அதிகம் திருப்பி அனுப்பியது. பகலில் அந்த வித்தியாசம் மற்றவற்றோடு கலந்து அமுங்கிவிட்டது. டியூப்பில் அந்த இடத்தில்தான் வெளிச்சமே குவிந்திருந்தது. அதனால் காலர் சிவந்தது. அக்காவின் கண்ணுக்குப் பட்டதும் இதேதான், எங்கள் ஷெட்டிலும் அதே மாதிரி மூன்று குத்து டியூப்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆலிவ், காக்கி, சாம்பல், பீஜ் போன்ற நிறங்களுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று சாயத்தையும் கலக்க வேண்டும் என்பதால் இந்தத் தொல்லை அவற்றில்தான் அதிகம் என்றார் மாஸ்டர். ஒரே சாயத்தில் முடிகிற அடர் நிறங்களில் குறைவு.

சரி, எனக்கு மட்டும் அன்று இரவு டியூப் லைட்டில் ஏன் தெளிவாகத் தெரியவில்லை? அதற்கும் ஒரு காரணம் சொன்னார். வெளியிலிருந்து உள்ளே வந்ததும் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழக ஓரிரு நிமிடமாவது ஆகும். இன்னொன்றும் சொன்னார்: மூளை வெளிச்சத்தின் சாயலைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டும். மஞ்சள் பல்புக்கு அடியில் அப்பாவின் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகத்தானே தெரிகிறது? இல்லாவிட்டால் வாழைப்பழம் பழுத்ததா இல்லையா என்று அடுக்களைக்குள் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகத் தெரியும். 2015-இல் ஒரு கவுனின் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். சிலர் நீலம்-கறுப்பு என்றார்கள், சிலர் வெள்ளை-தங்கம் என்றார்கள். நான் வேலை பார்த்த கம்பெனியில் டீ நேரத்தில் அதற்கு ஒரு அடிதடியே நடந்தது. போட்டோவில் எந்த வெளிச்சம் விழுகிறது என்பதை அவரவர் மூளை அவரவர் இஷ்டத்துக்கு ஊகித்துக் கழித்ததுதான் காரணம். (உண்மையான கவுன் நீலம்-கறுப்பு.) ஒற்றைத் துணியாக இருந்தால் இந்தக் கழித்தல் நமக்கு நல்லது, வெளிச்சம் மாறியது தெரியாமலே வாழ்ந்துவிடலாம். இரண்டு துணியை ஒட்டித் தைக்கிற தொழிலில்தான் மாட்டிக்கொள்கிறோம். போனில் எடுக்கிற போட்டோவும் இதே வேலையைத் தானாகச் செய்துகொள்ளும். ஒவ்வொரு போன் ஒவ்வொரு மாதிரி. ஆகவே வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்து ஷேடு ஓகே சொல்லவே சொல்லாதீர்கள். 

இனி கணக்கு. டிஸ்கவுண்ட் கொடுக்கிறோம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். கடை வெளிச்சத்திலேயே சிவப்பாகத் தெரிகிற காலரை எந்தக் கடைக்காரர் தொங்கவிடுவார்? முடியாது என்றுவிட்டார்கள். ஒரே வழி, காலர்களைப் பிரித்துவிட்டுப் புதுக் காலர் வைப்பது. புதிதாகக் காலர் பின்ன 66,600 ரூபாய். முதல் பட்டறையிலேயே, உடம்புத் துணிக்குப் போட்ட அதே சாயங்களில் அதே ரெசிப்பியை வைத்துக் காலருக்கு ஷேடு பிடித்துச் சாயம் போட 18,200. பிரித்து மறுபடி தைக்கப் பீசுக்கு 14 ரூபாய் வீதம் 50,400. பிரிக்கும்போது பிக்கே துணியில் ஓட்டை விழுந்து 210 பீஸ் வீண், அது 61,320. லேட்டானதற்குப் பையர் பிடித்த ஐந்து சதவீதம் 49,494. மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு 8,000. எல்லாம் சேர்ந்து 2,54,014 ரூபாய். வீணான 210 பீசை காதர்பேட்டை பனியன் சந்தையில் 70 ரூபாய்க்குத் தள்ளி 14,700 தேற்றினேன். மீதி 2,39,314. இதில் அடகு வட்டி சேரவில்லை. வரவேண்டிய 90,000 போய், கையிலிருந்து ஒன்றரை லட்சம் போனது. 23 நாள் வேறு வேலை எதுவும் எடுக்க முடியவில்லை. அம்மாவின் நகை அடுத்த வருடம் தைக்குத்தான் திரும்பியது. அந்த 23 நாளும் தையல்காரர்கள் தைத்ததையே பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. கத்திரி நுனி நூலுக்கு அடியில் போகிற ஒவ்வொரு முறையும் வயிற்றில் குத்துவது போல இருக்கும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன், எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பேசும்போதே பிரைமரி லைட் எது, செகண்டரி லைட் எது என்று கேட்டு வாங்கி, அதைச் சாயப்பட்டறை டிசியிலும் காலர்காரர் டிசியிலும் கைப்பட எழுதிவிடுகிறேன். அமெரிக்க ஆர்டர் என்றால் பெரும்பாலும் சி.டபிள்யூ.எப். என்ற வேறு டியூப் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து பழைய வகை டியூப் லைட்டுகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது, பல கடைகள் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. ஆகவே போன வருடத் தாளைப் பார்த்து இந்த வருடமும் அதுதான் என்று இருக்காதீர்கள், எல்.இ.டி. என்றால் எந்த எல்.இ.டி., எத்தனை கெல்வின் என்றும் கேளுங்கள்.

காலர், ரிப் (கை ஓரப் பட்டி), உடம்புத் துணி மூன்றும் ஒரே லாட்டில் போகும்வரை மெஷின் நேரத்தை விட்டுவிடுவேன். பத்து நாள் போனால் போகட்டும். தவிர்க்கவே முடியாமல் பிரித்துப் போட வேண்டி வந்தால், 'ஷேடு புடிச்சுக் குடுங்க' என்று சொல்வதில்லை. அதே சாயங்கள், அதே ரெசிப்பி என்று கேட்கிறேன். லிஸ்ட்டே ஒன்றாக இருந்தால் விலை எப்படி ஏறினாலும் பில் பெரிதாகப் பிரியாது. தையல் நூல் விஷயத்தில் முழுசாகத் தப்ப முடியாது. துணி பருத்தி, நூல் பாலியஸ்டர், இரண்டுக்கும் சாய வகையே வேறு. அதனால் நூலை எல்லா லைட்டிலும் பார்த்து, எதில் குறைவாகப் பிரிகிறதோ அந்த ஷேடை எடுக்க வேண்டியதுதான். வெள்ளையில் வேறு ஒரு வில்லங்கம். வெள்ளைத் துணிக்கு ஏற்றுகிற பிரைட்னர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழ்வதால்தான் வெயிலில் அப்படிப் பளீரென்று இருக்கிறது. சாதாரண எல்.இ.டி.யில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. வெளியே பால் போல இருந்த பனியன் உள்ளே மங்கிவிடும். காலரில் ஒரு பிரைட்னர், உடம்பில் ஒரு பிரைட்னர் என்றால் வெள்ளையிலும் காலர் கதைதான். லைட் பாக்ஸில் யு.வி. சுவிட்ச் இருப்பது இதைப் பிடிக்கத்தான்.

லைட் பாக்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். உள்ளூரில் செய்தது, 26,000 ரூபாய். அதை வாங்குவதற்கு முன் இரண்டே கால் லட்சத்தை இழக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாங்க வசதியில்லாதவர்கள் சாயப்பட்டறை லேபிலோ பையிங் ஹவுஸிலோ பத்து நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், யாரும் மறுப்பதில்லை. பெட்டி மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் டி.எல்.84 டியூப் போனதும் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்த டியூப்பைப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன், அது சாமி படம் இல்லாத பூஜை அறை. பார்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிட வேண்டும், ஜன்னலை மூட வேண்டும், பளிச்சென்று சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனியக் கூடாது, சட்டையின் நிறம் துணியில் அடிக்கும். துணியை நான்காக மடித்து வைக்க வேண்டும், ஒற்றையாக வைத்தால் அடியில் உள்ளது தெரியும். டிரையரிலிருந்தோ அயர்ன் டேபிளிலிருந்தோ சூடாக எடுத்த துணியைப் பார்க்கவே கூடாது, சூடோ ஈரமோ இருந்தால் உண்மையான ஷேடு தெரியாது. ஆற விட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு அடர் சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு உடனே சாம்பலைப் பார்த்தால் அது பச்சையடிக்கும். கண்ணை நடுவில் ஓய விடுங்கள்.

ஷெட்டில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று மலிவு எல்.இ.டி. மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கும், நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு 100-க்குக் கொடுக்கிற மார்க் அது. அந்த எண்ணை எட்டு வெளிர் நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதில் அடர் சிவப்பு இல்லை. அதனால் 80 வாங்கிய விளக்கிலும் சிவப்பு செத்துத் தெரியலாம். செக்கிங் டேபிளுக்கு மேல் மட்டுமாவது 90-க்கு மேல் உள்ளதை மாட்டுங்கள். மின்சாரம் போன அந்தி நேரத்தில் செக்கிங் செய்யவே வேண்டாம். மங்கலில் நம் கண் வேறு செல்களுக்கு மாறிவிடும், சிவப்பு முதலில் கறுத்துப் போகும், நீலம் தூக்கித் தெரியும். வாசலில் செம்பருத்தி இருந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருநாள் நின்று பாருங்கள், பூ இலையைவிட இருட்டாகிவிடும்.

தொழிலில் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் எடுக்கும்போது வாசலில் மட்டும் பார்க்காதீர்கள். கட்டப்போவது மாலை ரிசப்ஷனுக்கு என்றால் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில்தான் எல்லோரும் பார்ப்பார்கள். புடவை பட்டு, பிட் பருத்தி, சாயம் வேறு வேறு. கடையிலேயே மஞ்சள் விளக்கு எரிகிற மூலை ஒன்று இருக்கும், அங்கேயும் ஒருமுறை ஒட்டிவைத்துப் பாருங்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வாசல்ல பாக்க வேண்டாமா?" என்றார். வாசலிலும் பாருங்கள் என்றேன். இப்போது கடையில் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, அப்பா என்னைத் திட்டுகிறார்.

பிரித்தெடுத்த பழைய காலர்களை இரண்டு மூட்டையாகக் கட்டி வேஸ்ட் துணிக் கடையில் கிலோ கணக்கில் போட்டேன். ஒரே ஒரு டி-ஷர்ட்டை மட்டும் பிரிக்காமல் வைத்து, லைட் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். லைட் பாக்ஸ் இப்போது செக்கிங் அக்காவின் பொறுப்பில்தான் இருக்கிறது. வந்த முதல் நாளே அவரிடம் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடச் சொன்னேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அந்த டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானக்கா இருக்குது, எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அக்கா கையிலிருந்த பீசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பகல்ல தெரியாது கண்ணு. ஏழு மணிக்கு மேல வந்து பாரு."